போக்குவரத்து உள்ள வீடுகள்: நாடு மாறி மாறி வாழ்வோரின் உறவுகள் பற்றி

வாசகர் ஒருவரின் கூற்று, 26 ஏப்ரல் 2025

நான் திருகோணமலையைச் சேர்ந்த தாதி. தோஹாவில் 3 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, வரும் செப்டெம்பரில் டப்ளினுக்குச் செல்லவிருக்கிறேன். அதற்குப் பிறகு எந்த நாடு என்பது எனக்கே தெரியாது. இப்படி நாடு நாடாகப் போனால் உறவுகள் அறுந்துவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பர்களாக இருந்தார்கள் என்று பாடசாலையில் படித்தோம். அவர்களிடம் தொலைபேசிகூட இருக்கவில்லை. நாமோ விரும்பிய நேரத்தில் முகம் பார்த்துப் பேசுகிறோம். ஆகவே ஓர் உறவு காய்ந்து போனால் அதற்கு மனம் இல்லாமையே காரணம். தூரம் என்பது வெறும் சாட்டு. பல நாடுகளில் வாழ்ந்து திரும்பியவர்கள் இதை மறுப்பார்களா?

27 ஏப்ரல் 2025

மறுக்கிறேன்.

1998இல் மஸ்கட்டுக்குப் போனேன். கட்டட வேலைகளை அளந்து செலவு மதிப்பிடுவது என் தொழில், ஊரில் கியூ.எஸ். என்றால்தான் விளங்கும். 2003 முதல் அபுதாபி, 2009 முதல் சிங்கப்பூர், 2014 முதல் பேர்த். 2023இல் திருகோணமலை உவர்மலையிலுள்ள வீட்டுக்குத் திரும்பினேன். 25 ஆண்டுகளில் நான்கு நாடுகளிலும் சேர்த்துப் பதினொரு வாடகை வீடுகளில் இருந்திருக்கிறேன். இந்தக் காலம் முழுவதும் எனக்கு மனம் இருந்தது. மனம் இருந்தும் பலரை இழந்தேன்.

1991இல் எங்களோடு உயர்தரம் எழுதியவர்களில் ஒன்பது பேர் எப்போதும் ஒன்றாகத் திரிந்தோம். இன்று அவர்கள் ரொறன்ரோ, ஒஸ்லோ, இலண்டன், சென்னை, கொழும்பு என்று சிதறியிருக்கிறார்கள். அபுதாபியில் இருந்தபோது ஒரு கொப்பியில் எட்டுப் பெயர்களையும் எழுதி, வாரத்துக்கு இருவர் என்ற முறையில் வெள்ளிக்கிழமைகளில் அழைப்பு அட்டை வாங்கிப் பேசினேன். ஐந்து ஆண்டுகள் ஏறக்குறையத் தவறாமல் செய்தேன். எப்படி இருக்கிறாய், வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்டு, எல்லாம் நலம் என்ற பதிலைப் பெற்று வைத்துவிடுவோம். ஒருவரோடும் சண்டை ஏற்படவில்லை. ஆனாலும் 2008ஆம் ஆண்டளவில் அந்தக் கொப்பியில் மூவர் மட்டுமே மிஞ்சினர். மற்றவர்களிடம் சொல்வதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர்களுக்கும் அப்படியே இருந்திருக்க வேண்டும்.

கேள்வி எழுதிய தங்கை சொன்ன கதைக்கு ஒரு முடிவும் உண்டு, அதை மறந்துவிடக்கூடாது. சோழன் உண்ணாமல் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தபோது, தன் அருகே நண்பனுக்கு ஓரிடத்தை ஒதுக்கி வைக்கும்படி சொன்னான். நல்ல காலத்தில் வராமல் இருந்தாலும் அல்லல் வந்த காலத்தில் அவன் நின்றுவிடமாட்டான் என்றான். பிசிராந்தையாரும் பாண்டிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். காணாமலே வளர்ந்த அந்த நட்பு, கடைசியில் ஓர் ஆள் எழுந்து வந்து ஓர் இடத்தில் அமர்வதில் போய் முடிந்தது.

நம் ஊர்ப் பேச்சில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது. ‘அவையளோடை எங்களுக்குப் போக்குவரத்து இல்லை’ என்றால் பகை என்று பொருளில்லை; அந்த வீட்டு நன்மை தின்மைக்கு நாங்கள் போவதில்லை, அவர்கள் வருவதில்லை என்றே பொருள். உறவை மனத்தைக் கொண்டு அளக்காமல், வாசலில் கழற்றி வைத்த செருப்பைக் கொண்டு அளந்த சொல் அது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நான் கொப்பியில் எழுதி வைத்திருந்த எட்டு உறவுகளும் போக்குவரத்து நின்ற பின்னர் பேச்சால் மட்டும் முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்டவை.

28 ஏப்ரல் 2025

ஒருவரோடும் சண்டை ஏற்படவில்லை என்று நேற்று எழுதியது சரிதான். ஆனால் அது முழு உண்மையன்று என்பது இன்று காலை உட்துறைமுக வீதியில் நடக்கும்போது நினைவுக்கு வந்தது.

எட்டுப் பேரில் ஒருவர் 2005இல் கடன் கேட்டார். கொடுத்தேன். திருப்பிக் கேட்கவே இல்லை. அப்படிக் கேட்காமல் விட்டதைப் பெருந்தன்மை என்று எண்ணியிருந்தேன். அவரோ கூசிப்போய் என் அழைப்புகளை எடுப்பதைக் குறைத்து, பின்னர் நிறுத்தியேவிட்டார். மாதம் ஒரு சிறு தொகையாக அவர் திருப்பித் தர நான் இடம் கொடுத்திருந்தால், எங்களிடையே மாதம் ஒரு பேச்சாவது இருந்திருக்கும். அவரை இழந்ததற்குத் தூரத்தைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை.

1 மே 2025

அப்படியானால் எதுதான் தாங்கும் என்று தங்கை கேட்கிறார். என் அனுபவத்தில் முதலில் சொல்லக்கூடியது, ஆள் கையில் கொடுத்துவிடும் பொதி.

வளைகுடாவில் இருந்த காலத்தில், ஊருக்குப் போகிற எவருடைய பயணப் பையிலும் பாதி அவருடையதன்று. 30 கிலோவில் பதினைந்து கிலோ பிறருடைய சாமான். திரும்பி வரும்போதும் அப்படியே. வறுத்து இடித்த மிளகாய்த்தூள், நெத்தலிக் கருவாடு, பயத்தம் பணியாரம், பத்திரகாளி அம்மன் கோவில் திருநீறு என்று ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு பெயர் எழுதியிருக்கும். அந்தப் பொதியை ஒப்படைக்க அவர் உங்கள் அறைக்கு வந்தாக வேண்டும் அல்லது நீங்கள் அவரிடம் போக வேண்டும். வந்தால் இருந்து தேநீர் குடிப்பார், அறையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கண்டதைச் சொல்வார்.

மஸ்கட்டில் ஆறு கட்டில் போட்ட அறையில் நான் இருந்ததை என் அம்மாவிடம் நான் ஒருபோதும் சொல்லவில்லை. நல்ல அறை என்றுதான் ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் சொன்னேன். பொதி கொண்டு வந்தவர் போய், ‘தம்பி நல்லா மெலிஞ்சு போனான், மாமி’ என்று சொன்ன பிறகே அம்மாவுக்கு உண்மை தெரிந்தது. நான் பொய் சொல்லக்கூடிய வழி தொலைபேசி. பொய் சொல்ல முடியாத வழி அந்த மனிதர்.

பேர்த்தில் இது மிகவும் குறைந்தது. அவுஸ்திரேலியாவுக்குள் கருவாடு கொண்டு போவதென்றால் விமான நிலையத்தில் உணவுப் பொருள் என்று அறிவித்துப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். அந்தச் சிரமத்தைப் பிறர் தலையில் ஏற்ற எவருக்கும் மனம் வராது. மேலும் அங்குள்ள கடைகளில் எல்லாமே கிடைத்தன. கடையில் கிடைத்ததால் ஆள் வருவது நின்றது. வசதி கூடிய ஊரில்தான் என் வீட்டுக் கதவு மிகக் குறைவாகத் தட்டப்பட்டது. இதைப் பேர்த்தின் குறையாக நான் சொல்லவில்லை. அங்கு வந்து சேர்ந்தபோது எனக்கு எவருடைய உதவியும் தேவைப்படவில்லை; அதுவே காரணம்.

5 மே 2025

இன்றோடு ஸ்கைப் சேவை நிறுத்தப்படுகிறது. 2003இல் தொடங்கியது. இதைப் பற்றி எழுதும் எண்ணம் இருக்கவில்லை, ஆனால் காலையிலிருந்து வேறெதிலும் மனம் செல்லவில்லை.

அபுதாபியில் இணையவழிப் பேச்சு தடைசெய்யப்பட்டிருந்ததால், முறையாக முகம் பார்த்துப் பேசத் தொடங்கியது சிங்கப்பூருக்குப் போன பிறகுதான். பக்கத்து வீட்டுப் பையன் தன் மடிக்கணினியைக் கொண்டு வந்து அம்மாவின் குசினி மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவான். எனக்கும் அவருக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். சிங்கப்பூரில் நான் மதியச் சாப்பாட்டுக்கு அமரும் சனிக்கிழமைகளில், அம்மா காலை வேலையை முடித்துச் சமையலுக்கு ஆயத்தமாவார்.

தொடக்கத்தில் திரையில் அவருடைய நெற்றியும் அதற்கு மேலே மின்விசிறியும் மட்டுமே தெரியும். சில வாரங்களில் அவர் கணினியைத் திருப்பி வைத்துவிட்டுத் தன் வேலையைச் செய்யத் தொடங்கினார். திருவலையில் தேங்காய் துருவுவார். முருங்கையிலை உருவுவார். நான் சாப்பிடுவேன். பதினைந்து நிமிடங்கள் ஒரு சொல்கூடப் பேசாமல் போகும். பிறகு, அந்தப் பக்கத்து ஒழுங்கையில் நாய் குட்டி போட்டிருக்கிறது என்று ஏதாவது சொல்வார். ஒரு மணி நேரம் கழித்து, கறி கொதிக்கிறது, வைக்கிறேன் என்பார்.

27ஆம் தேதி எழுதியதில், பேச்சு உறவைத் தாங்காது என்ற தொனியில் சொல்லியிருந்தேன். அந்தக் கருத்தை இந்தச் சனிக்கிழமைகள் பொய்யாக்குகின்றன. வெள்ளிக்கிழமை அழைப்புகளில் நான் விசாரித்தேன். சனிக்கிழமைகளில் எவரும் எவரையும் விசாரிக்கவில்லை. ஒரே குசினியில் இருந்தோம். அம்மா 2016இல் காலமானார். அதற்குப் பிறகும் ஒன்பது ஆண்டுகள் அவருடைய கணக்கை நான் அந்தப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை.

6 மே 2025

‘அழைப்பதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று நினைப்பதால்தான் நான் அழைப்பதே இல்லை’ என்று ஒஸ்லோவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். என் எட்டுப் பேரில் ஒருவர்தான். இன்று இரவு அழைக்கிறேன், காரணம் எதுவும் இல்லாமல்.

12 மே 2025

சித்திரா பௌர்ணமி. தாயை இழந்தவர்கள் விரதமிருக்கும் நாள். நாடு முழுவதும் வெசாக் விளக்குகள்.

அம்மாவைப் பற்றி நினைக்கும்போது, எங்கள் குடும்பத்தின் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் பௌர்ணமிதான். அம்மா சித்தி வீட்டில் தங்குவதற்காக முதல் நாளே நிலாவெளிக்குப் போயிருந்தார். நான் அபுதாபியில். அப்போது இலங்கை நேரம் எங்களைவிட இரண்டு மணி நேரம் முன்னே இருந்தது. கடல் ஊருக்குள் வந்த செய்தி எனக்குத் தெரிந்தபோது ஊரில் முற்பகல் ஆகிவிட்டது. தொலைபேசி எதுவும் வேலை செய்யவில்லை. உறவினர்களின் ஏழு எண்களையும் மாலை வரை மாறி மாறி அழைத்தேன்.

இரவில் எனக்கு வந்த ஒரே அழைப்பு, எங்கள் வீதி முனையில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த அண்ணையிடமிருந்து. பள்ளிக்கூடக் காலத்தில் என் சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டவர். காணும்போது தலையசைப்பேன், அதற்கு மேல் எங்களிடையே ஒன்றும் இருந்ததில்லை. அம்மா நிலாவெளிக்குப் போனதைத் தான் கண்டதாகவும், கேள்விப்பட்டவுடன் சைக்கிளில் புறப்பட்டதாகவும், பாதை முறிந்த இடங்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதாகவும் சொன்னார். அம்மாவும் சித்தியும் உள்ளே தள்ளி ஒரு பாடசாலையில் இருந்தார்கள். சித்தியின் கணவர் இல்லை. என் எண்ணை எங்கள் வீட்டுச் சுவரிலிருந்த நாட்காட்டியில் பார்த்து எழுதி, தொடர்பு கிடைத்த ஒரு நிலையத்தைத் தேடிப் போய்ப் பேசினார்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையில், வேலை தேடுவோருக்குப் பயன்படும் தகவல் நெருங்கிய நண்பர்களைவிட மேலோட்டமாகத் தெரிந்தவர்கள் வழியாகவே பெரும்பாலும் வருகிறது என்று காட்டினார். நெருங்கியவர்களுக்கு நாம் அறிந்தவையே தெரியும். தள்ளி நிற்பவர்களுக்கே வேறு செய்தி தெரியும். எனக்கு அபுதாபி வேலை கிடைத்ததும் மஸ்கட்டில் பேருந்துத் தரிப்பில் பழக்கமான ஒருவரால்தான். ஆனால் கிரானவெட்டர் சொன்னது தகவலைப் பற்றி. சைக்கிள் கடை அண்ணையிடம் இருந்ததைத் தகவல் என்று சொல்ல என்னால் முடியாது. ஒரு வீதியில் நெடுங்காலம் கண்டுகொண்டே இருந்தவர்களுக்கிடையில், பெயரில்லாத ஒரு பொறுப்பு சேர்ந்துவிடுகிறது. நாடு மாறுகிறவர்கள் முதலில் இழப்பது இவர்களைத்தான், இழந்தது தெரியாமலே. நண்பர்களின் எண்களை எழுதிக்கொண்டு போகிறோம்; வீதி முனையிலுள்ளவரின் எண்ணை எவர் எழுதிக்கொண்டு போகிறார்?

2005 மார்கழியில் விடுமுறைக்கு வந்தபோது முதன்முறையாக அவருடைய வீட்டுக்குப் போனேன். அதன் பிறகு ஒவ்வொரு வருகையிலும் போனேன். அவர் இப்போது இல்லை. அவருடைய மகள் வீட்டோடு எங்களுக்குப் போக்குவரத்து இருக்கிறது.

15 மே 2025

டப்ளினில் நல்ல நட்புகள் அமைய எவ்வளவு காலம் ஆகும் என்று தங்கை கேட்டிருந்தார். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹோல் 2018இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம், நண்பராக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஒன்றாகக் கழிய வேண்டியிருக்கிறது. ஒரே இடத்தில் வேலை செய்வதால் மட்டும் அந்த மணி நேரங்கள் அவ்வளவாகப் பலன் தருவதில்லை. ஓய்வு நேரம்தான் கணக்கில் ஏறுகிறது.

அளவெடுப்பது என் தொழிலாதலால், என் வெள்ளிக்கிழமைகளை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு மாதம் ஓர் அழைப்பு, 20 நிமிடங்கள். ஆண்டுக்கு 4 மணி நேரம். 200 மணி நேரம் சேர 50 ஆண்டுகள் வேண்டும். மாறாக, ஏகாம்பரம் மைதானத்தில் நாங்கள் ஒன்பது பேரும் பந்தடித்த மாலைகளை எண்ணினால், ஒரே ஆண்டில் 200 மணி நேரத்தைத் தாண்டியிருப்போம்.

பிரித்தானியாவில் சாம் ரொபர்ட்ஸும் ரொபின் டன்பாரும் பாடசாலையை விட்டு வெளியேறிய மாணவர்களைப் 18 மாதங்கள் பின்தொடர்ந்து, 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண்களின் நட்பைப் பேச்சு காப்பாற்றியது. ஆண்களின் நட்புக்குப் பேச்சு அவ்வளவாக உதவவில்லை, சேர்ந்து ஏதாவது செய்தபோதே அது நிலைத்தது. இதைப் படித்தபோது என் கொப்பி நினைவுக்கு வந்தது. பந்தடித்துப் பழகிய எட்டுப் பேரை, பேச்சால் மட்டும் வைத்திருக்க முயன்றிருக்கிறேன்.

ஆகவே டப்ளினில் தங்கை முதலில் தேட வேண்டியது, வாரத்தில் ஒரே நாளில் ஒரே ஆட்களைக் காணும்படியான ஒரு வேலையை. சமையலோ, கோவில் தொண்டோ, பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதோ, எதுவாயினும் சரி. அத்தோடு, வந்த முதல் மாதத்திலேயே எவரிடமாவது ஓர் உதவி கேளுங்கள். ஏணியை இரவல் கேளுங்கள். பேர்த்தில் நான் எல்லாவற்றையும் கடையில் வாங்கினேன் என்று சொன்னேன் அல்லவா? மூன்றாம் ஆண்டில் ஒருநாள் பக்கத்து வீட்டு வியட்நாமிய முதியவரிடம் ஏணி கேட்டேன். அந்த ஊரில் என் முதல் நட்பு அன்றுதான் தொடங்கியது.

29 மே 2025

இதை எழுதுவதா என்று இரண்டு வாரங்களாக யோசித்தேன்.

என் தாய்மாமன் சம்பூரைச் சேர்ந்தவர். 2006இல் சண்டை தொடங்கியபோது அவருடைய குடும்பம் வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போய் ஒரு முகாமில் தங்கியது. 2007இல் அவர் அங்கேயே காலமானார். எனக்கு அபுதாபியில் விடுப்புக் கிடைத்திருக்கும், நான் கேட்கவில்லை. பாதை மூடப்பட்டிருக்கிறது, போனாலும் உள்ளே விடமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையும் இருந்தது, பயமும் இருந்தது. பணம் அனுப்பினேன். மாமாவின் மகன், என் மச்சான், அதைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். ஒன்பது ஆண்டுகள் பேசவில்லை. என் தொலைபேசியில் அவருடைய எண் இருந்தது, அவரிடம் என் எண் இருந்தது, இருவருக்கும் மனமும் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நம்புகிறேன். இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

2016இல் அம்மா காலமான செய்தி வந்தபோது நான் பேர்த்தில். சிங்கப்பூர் வழியாகக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து வான் வண்டியில் ஆறு மணி நேரம் பயணம் செய்து வீட்டு வாசலில் இறங்கியபோது, பந்தல் போட்டு, கதிரைகள் அடுக்கி, ஐயருக்குச் சொல்லி எல்லாமே ஆயத்தமாக இருந்தது. மச்சான் தோளில் துவாயோடு வாசலில் நின்றார். ‘வா, அத்தை உன்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறா’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. எட்டுச் சடங்கும் 31ஆம் நாள் அந்தியேட்டியும் முடியும்வரை வீட்டுக்கு மூத்த பிள்ளை போல் நின்று செய்தார்.

சம்பூரில் கடற்படை வசமிருந்த காணிகள் விடுவிக்கப்பட்டு அவர்கள் திரும்பிக் குடியேறியிருந்தார்கள். 2017இல் நான் அங்கே போனேன். சின்ன வயதில் மாமா வீட்டுக்குப் போவதென்றால் லோஞ்ச் படகில் ஏறி மூதூரில் இறங்க வேண்டும். இப்போது 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் வழியாகத் தரைப்பாதை. புதிய தகரக் கூரை, வேலிக்கு நட்ட கிளுவைக் கதியால் அப்போதுதான் துளிர்த்திருந்தது. பத்து ஆண்டுகள் பிந்தி மாமாவின் துக்கம் விசாரிக்க வந்தேன் என்று மாமியிடம் சொன்னேன். மாமி பழைய துயரம் போல அதை எடுத்துக்கொள்ளவில்லை. நேற்று நடந்தது போல, எந்த நாள், எத்தனை மணி, கடைசியாக என்ன கேட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த விசாரிப்புக்குக் காலம் கடந்துவிடவில்லை என்பதை அன்று அறிந்தேன்.

30 மே 2025

நேற்றைய குறிப்பைப் படித்த சிலர், வர இயலாதவர்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். குடியுரிமை வழக்கு முடியாதவர்கள், கடவுச்சீட்டு இல்லாதவர்கள், விடுப்புக் கேட்டால் வேலை போகும் வீட்டுப் பணிப்பெண்கள். நியாயமான கேள்வி. நான் விடுப்புக் கேட்காதது என் தவறு, அவர்களுடையது தவறன்று. வர முடியாதவர்கள் தமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்புவதை நம் ஊர் எப்போதும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ‘அவன் வரேலாது, நான் அவனுக்காக வந்தனான்’ என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்து அமர்ந்தால், வந்தது இருவர்தான். பணம் மட்டும் வந்தால் எவரும் வரவில்லை.

14 ஜூன் 2025

என் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் எழுதியவற்றில் சிலவற்றை அவள் ஏற்கவில்லை.

அவள் சிங்கப்பூரிலும் பேர்த்திலும் வளர்ந்தாள். இப்படி வளரும் பிள்ளைகளை ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்பார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ரூத் யூசிம் 1950களில் ஆக்கிய சொல். எது உன் ஊர் என்று கேட்டால் அவள் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வாள். சிங்கப்பூரில் ஆறாம் வகுப்பில் உடனிருந்த ஒரு சிறுமியோடு இன்றுவரை நெருங்கிய நட்பில் இருக்கிறாள். அந்தப் பெண் இப்போது மன்செஸ்டரில். இருவரும் நேரில் கண்டு ஏழு ஆண்டுகள்.

எப்படி என்று கேட்டேன். குரல் பதிவுகளை அனுப்பிக் காட்டினாள். ஒன்றில் அந்தப் பெண் பேருந்துக்காக நின்றபடி, மழையில் நனைந்த ஒரு புறாவை மூன்று நிமிடங்கள் வருணிக்கிறாள். என் மகள் வேலைக்கு நடக்கும்போது அதைக் கேட்டுவிட்டு, தன் பதிலை அனுப்புகிறாள். நேர வித்தியாசம் ஏழோ எட்டோ மணி நேரம். அதைப் பற்றி இருவருக்கும் கவலையில்லை, ஏனெனில் ஒருவரும் ஒருவருக்காகக் காத்திருப்பதில்லை. நாங்களோ நேரத்தைக் குறித்து வைத்துக் காத்திருந்த தலைமுறை. 2006 ஏப்ரலில் இலங்கை தன் கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னே வைத்தபோது, நான் அதைக் கணக்கில் எடுக்க மறந்து, ஒரு வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் முன்னரே அழைத்துவிட்டு, அம்மா எடுக்கவில்லையே என்று தவித்தேன்.

‘அப்பா, நீங்கள் ஏணி கேட்டதும் நான் புறாவைப் பற்றிக் கேட்டதும் ஒன்றுதான்’ என்றாள். ஒன்றுதானா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டில் துக்கம் என்றால் போவாயா என்று கேட்டேன். பயணச்சீட்டுக்கென்று தனியாகப் பணம் சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

2 ஜூலை 2025

தங்கை எழுதியிருக்கிறார்: தோஹாவில் இரவுப் பணி முடிந்து வந்த விடியற்காலைகளில், அக்காவின் குரல் பதிவுகளே தன்னை நிலைகுலையாமல் வைத்திருந்தன, அதை முட்டுக் கொடுத்தல் என்று நான் சொன்னது தன்னை வருத்தியது. அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அது என் வெள்ளிக்கிழமைகளுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆனால் தூரம் சாட்டு என்பதை இன்னும் ஏற்கவில்லை. தூரத்துக்கு விலை உண்டு. அதை எவராவது கொடுக்க வேண்டும். பெரும்பாலும் அதைக் கொடுப்பவர் ஊரில் இருப்பவர். பந்தல் போட்டது என் மச்சான். கணினியைத் தூக்கி வந்தது பக்கத்து வீட்டுப் பையன். நிலாவெளிக்குச் சைக்கிள் மிதித்தது கடைக்கார அண்ணை.

25 ஜூலை 2025

நேற்று ஆடி அமாவாசை. தந்தையை இழந்தவர்களுக்குரிய நாள். கடற்கரையில் தர்ப்பணம் கொடுக்க வந்தவர்களின் கூட்டத்தில் நானும் நின்றேன், என் அப்பாவுக்காக.

கொப்பியில் மிஞ்சிய மூவரில் ஒருவர் ரொறன்ரோவில் இருக்கிறார். அவருடைய அப்பா 2021இல், எவரும் பயணம் செய்ய முடியாத நாட்களில், பாலையூற்று வீட்டில் காலமானார். நண்பர் இறுதிச் சடங்கைத் திரையில் பார்த்தார். தாயார் முன்னரே போய்விட்டதால் வீடு பூட்டிக் கிடந்தது. 2023இல் நான் திரும்பி வந்தபோது, உறவினர் ஒருவர் வைத்திருந்த திறப்பை என்னிடம் கொடுக்கச் சொல்லி எழுதினார்.

அன்று முதல் வாரம் ஒருமுறை அந்த வீட்டைத் திறந்து யன்னல்களை விரித்து விடுகிறேன். நிலையில் கறையான் ஏறினால் படம் எடுத்து அனுப்புவேன். எந்த மருந்து அடிப்பது என்று அவர் அங்கிருந்து தேடிச் சொல்வார். ஆதனவரி, பம்பு, பக்கத்துக் காணிக்காரரின் வேலி, கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை காய்க்குமா என்று பேச எப்போதும் ஏதாவது இருக்கிறது. இந்த இரண்டு ஆண்டுகளில் நாங்கள் பேசியது, அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளில் பேசியதைவிட அதிகம். பந்தடித்த காலத்துக்குப் பிறகு, மீண்டும் சேர்ந்து ஒரு வேலை செய்கிறோம்.

நேற்று மாலை அந்த வீட்டுக்குப் போய் விளக்கேற்றினேன். ரொறன்ரோவில் அப்போது காலை. நண்பர் திரையில் இருந்தார். கூடத்திலிருந்த சாய்மனைக் கதிரையைக் காட்டச் சொன்னார். பின்னல் அறுந்திருந்தது. பின்னச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றார்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் அவர் வருகிறார், அப்பா காலமான பிறகு முதன்முறையாக. கிணறு இறைத்தாகிவிட்டது. தம்பலகாமத்திலிருந்து முட்டித் தயிருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். விமான நிலையத்துக்கு அனுப்பும் வான் வண்டியின் சாரதியிடம் திறப்பைக் கொடுத்துவிட்டால், இரவானாலும் நேரே வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுதினேன். அதைச் செய்யாதே, திறப்பு உன்னிடமே இருக்கட்டும், எத்தனை மணியானாலும் உவர்மலைக்கு வந்து உன் படலையைத் தட்டி வாங்கிக்கொண்டு போகிறேன் என்று பதில் வந்தது.